தொற்றுநோயில் பிஎச்.டி.: கோர்ஸ்வொர்க் எதற்கு, லேப் பயிற்சி எதற்கு?

வேலூரைச் சுற்றி மைக்ரோபயாலஜியும் பயோடெக்னாலஜியும் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் சிலர் அடுத்து தொற்றுநோய்களில் பிஎச்.டி. செய்யலாம் என்று விசாரிப்பார்கள். விவரம் கேட்டதும் முகம் சுளிப்பது கோர்ஸ்வொர்க் என்கிற ஆரம்பகட்ட வகுப்புகளுக்குத்தான்: "மறுபடியும் க்ளாஸ், பரீட்சையா? அஞ்சு வருஷம் படிச்சாச்சே!" வீட்டிலும் இதே கேள்வி வேறு விதமாக வரும். "ஆராய்ச்சின்னு சொன்னியே, இன்னும் படிச்சுக்கிட்டே இருக்கியே கண்ணு?" என்று குடியாத்தத்துப் பெரியம்மா கேட்டால், அதற்குப் பதில் சொல்வது வைவாவில் பதில் சொல்வதைவிடக் கஷ்டம்.

நியாயமான கேள்விதான். எம்.எஸ்சி. லேபில் நாம் செய்யும் எதற்கும் விடை முன்கூட்டியே இருக்கிறது. ஈ.கோலை பாக்டீரியா கொடுத்தால் மெக்கான்கி என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் இளஞ்சிவப்புக் காலனி வர வேண்டும். வராவிட்டால் பக்கத்துத் தட்டைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டவர்கள் ஊரில் பாதிப் பேர். பிஎச்.டி.யில் அந்தப் பக்கத்துத் தட்டு கிடையாது. விடை கைடுக்கும் தெரியாது. அப்போது கையில் வந்திருக்கும் முடிவு உண்மைதானா, கைப்பிழையா, தற்செயலா, அல்லது நமக்கு வேண்டும் என்பதால் நாம் பார்க்கிறோமா என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். தன் முடிவைத் தானே சந்தேகப்படும் இந்தப் பழக்கத்தைத்தான் கோர்ஸ்வொர்க் கணக்காகவும் கருத்தாகவும் சொல்லித்தருகிறது. லேப் பயிற்சி கையில் ஏற்றுகிறது.

விதிமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. கோர்ஸ்வொர்க்கும் அதற்குள்தான். குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆராய்ச்சி நெறிமுறை, வெளியீட்டு நெறிமுறை பற்றிய பேப்பர் கட்டாயம். 55 சதவீதமாவது வாங்க வேண்டும். ஆய்வு முறையியல் ஒரு பேப்பர் எங்கும் இருக்கும். துறை சார்ந்த பேப்பர்களைக் கைடும் ஆலோசனைக் குழுவும் முடிவுசெய்வார்கள். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்களில் முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் மாறி மாறி வேலைபார்த்த பிறகுதான் கைடு யார் என்பதே முடிவாகும். அப்புறம் ஒரு தகுதித் தேர்வு. நம் ஊரில் பெரும்பாலும் சேரும்போதே கைடு முடிவாகிவிடுவார். அந்தச் சுழற்சி முறைதான் நல்லது என்பது என் கட்சி. நம்மிடம் அது இல்லை என்பதால், கோர்ஸ்வொர்க் காலத்திலேயே மற்ற லேப்களில் போய் நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு காய்ச்சல், பல பேப்பர்

பாடத்திட்டத்தை வரிசையாக ஒப்பித்தால் தூக்கம் வரும். அதற்குப் பதிலாக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். நவம்பர் மாதம். கணியம்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயதுப் பெண், வயல்வேலை. ஆறு நாளாகக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி. ரத்தம் எடுத்தாயிற்று. டைஃபாய்டா, டெங்குவா, எலிக்காய்ச்சலா, ஸ்க்ரப் டைஃபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலா? ஒவ்வொரு பேப்பரும் அந்த ஒரே ரத்தக் குழாயிடம் ஒவ்வொரு கேள்வி கேட்கும்.

மைக்ரோபயாலஜி பேப்பர் கேட்பது: கிருமி வளருமா? டைஃபாய்டு கிருமி பிளட் கல்ச்சர் பாட்டிலில் வளரும். ஆனால் டைஃபாய்டு உள்ளவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேரிடம்தான் அது கல்ச்சரில் அகப்படும். அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் இருந்தால் இன்னும் குறையும். உண்ணிக் காய்ச்சல் கிருமியான ஓரியன்ஷியா உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். பாட்டிலை ஒரு மாதம் வைத்திருந்தாலும் ஒன்றும் வராது. ஆக, ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால் கிருமி இல்லை என்று பொருளாகிவிடாது. வேலூரில் இதைப் புரியவைக்க இன்னும் பெரிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தைத் தெரியாதவர் இங்கே இல்லை. தொழுநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் கண்டுபிடித்து 150 ஆண்டு ஆகிவிட்டது. இன்றுவரை எந்தக் கல்ச்சர் மீடியத்திலும் அதை வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கின் உடலிலும்தான் வளர்த்தார்கள். கிருமியைப் பிரித்தெடுத்து, தனியே வளர்த்து, மறுபடி நோயை உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்ற காக் விதிகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு, அந்த விதிகள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது அப்போதுதான் உறைக்கும்.

இடையில் ஒரு வார்த்தை. உண்ணிக் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், மார்புக்குக் கீழே என்று மறைவான இடங்களில் தேடினால்தான் கிடைக்கும். வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. லேப் ஆளுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். நோயாளியைப் பரிசோதித்தவர் படிவத்தில் அந்தப் பொருக்கைக் குறித்திருந்தால், லேபில் வரும் முடிவை எதோடு ஒப்பிடுவது என்பது தெரியும். குறிக்காமல் விட்டால், ஆயிரம் சாம்பிள் சேர்த்த பிறகு திரும்பிப் போய் யாரையும் கேட்க முடியாது.

நோய் எதிர்ப்பு பற்றிய இம்யூனாலஜி பேப்பர் கேட்பது: ஆறாம் நாள் எதைத் தேட வேண்டும்? நோய் வந்தால் உடல் முதலில் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள்கூட உடனே வந்துவிடாது. நோய் தொடங்கிச் சில நாள் கழித்துத்தான் அளக்கும் அளவுக்கு ஏறும். முதல் வாரத்தில் கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர்., அப்புறம் எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா என்று பொதுவாகச் சொல்வார்கள். சிக்கல் இதற்குப் பிறகுதான். நோய் போன பிறகும் ஐஜிஎம் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அந்தப் பெண்ணுக்கு ஆகஸ்டில் உண்ணிக் காய்ச்சல் வந்து போயிருந்து, இப்போது வந்திருப்பது டெங்குவாக இருந்தால்? உண்ணிக் காய்ச்சல் எலைசா பாசிட்டிவ் காட்டும், நோய் வேறாக இருக்கும். அதனால் எந்த அளவுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்ற கோட்டை, அந்த வட்டாரத்தில் நலமாக இருப்பவர்களின் ரத்தத்தை அளந்து பார்த்துத்தான் போட வேண்டும். நோய் அதிகமுள்ள ஊரில் ஆரோக்கியமானவரின் ரத்தத்திலேயே கொஞ்சம் இருக்கும். கிட் டப்பாவில் அச்சடித்த எண் எங்கோ ஓர் ஊரின் எண்.

ஒரு டெஸ்டை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வேலூரில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் கைடு சுனிதி சாலமன் கொடுத்த தலைப்புக்காக, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சென்னையில் அதைப் பரிசோதிக்க அப்போது வசதி இல்லை. மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜான் நடத்திவந்த வைராலஜி ஆய்வகத்துக்கு வந்தன. எலைசாவில் ஆறு மாதிரிகள் பாசிட்டிவ். இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்று பெரும்பாலானோர் நம்பிய காலம் அது. அவர்கள் உடனே அறிவித்துவிடவில்லை. மாதிரிகள் அமெரிக்கா போய், வெஸ்டர்ன் ப்ளாட் என்ற இன்னொரு முறையில் உறுதியான பிறகே செய்தி உறுதியானது. எலைசா போன்ற முதற்கட்டச் சோதனை எவரையும் தவறவிடாமல் பிடிக்கத் தாராளமாக இருக்கும். உறுதிப்படுத்தும் சோதனை கறாராக இருக்கும். இரண்டின் வேலையும் வேறு. இத்தனையும் ஒரு மாணவியின் தீசிஸ் வேலையாகத் தொடங்கியது என்பதையும் கவனியுங்கள்.

நோய் மக்களிடையே பரவுவதைக் கணக்கிடும் எபிடெமியாலஜி பேப்பரில்தான் பலருக்கு வேர்க்கும். கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை, கூட்டல் கழித்தல்தான். ஆனால் எதன் மேல் எதை வகுக்கிறோம் என்பதில் தடுமாறுவோம். ஒரு டெஸ்ட் இருக்கிறது என்று வைப்போம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும். நல்ல டெஸ்ட்தான். மழைக்காலம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்றால், 180 பேர் சரியாகப் பாசிட்டிவ், 40 பேர் தவறாகப் பாசிட்டிவ். பாசிட்டிவ் வந்த 220 பேரில் 82 சதவீதம் பேருக்கு நிஜமாகவே நோய். இதே கிட்டை எடுத்துக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போய், காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்து 1,000 பேருக்குப் போடுங்கள். அங்கே நோய் இருப்பது 10 பேருக்கு. அதில் 9 பேர் சரியாகப் பாசிட்டிவ். நோய் இல்லாத 990 பேரில் 50 பேர் தவறாகப் பாசிட்டிவ். இப்போது பாசிட்டிவ் வந்த 59 பேரில் 15 சதவீதம் பேருக்குத்தான் நோய். அதே கிட், அதே கம்பெனி, அதே கை. இடம் மாறியதும் ‘பாசிட்டிவ்’ என்பதன் மதிப்பே மாறிவிட்டது. கோர்ஸ்வொர்க்கில் ஒரே ஒரு கணக்கைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது தடுப்பூசிக் கணக்கு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸைத் தடுக்க நம் நாட்டில் உருவான ரோட்டாவாக் சொட்டு மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. வேலூர்ப் பகுதியை நடத்தியது ககன்தீப் காங் தலைமையில் இருந்த சி.எம்.சி. குழு. 2014இல் வெளிவந்த முடிவில், மருந்து கொடுத்த குழந்தைகளில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு 71. மருந்தில்லாத சொட்டு கொடுத்த குழுவில் 76. முதல் பார்வைக்கு என்ன இது, இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் மருந்து கிடைத்த குழந்தைகள் இரண்டு மடங்கு. எத்தனை குழந்தை, ஒவ்வொன்றையும் எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்று இரண்டையும் சேர்த்து ‘ஆள்-ஆண்டு’ என்று கணக்கிடுவார்கள். மருந்து பக்கம் 4,752 ஆள்-ஆண்டு, மறுபக்கம் 2,360. வகுத்துப் பார்த்தால் 100 ஆள்-ஆண்டுக்கு 1.5, 3.2. நோய் 53.6 சதவீதம் குறைந்திருக்கிறது. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் அங்கே குறுக்கே வந்து, அந்த 53.6 எவ்வளவு உறுதி என்று கேட்கும். 95 சதவீத நம்பக எல்லை 35.0 முதல் 66.9 வரை. அதாவது உண்மையான பலன் மூன்றில் ஒரு பங்காகவும் இருக்கலாம், மூன்றில் இரண்டாகவும் இருக்கலாம். ஒன்றுமே இல்லை என்று மட்டும் சொல்வதற்கில்லை. பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பு மருந்துகள் இதைவிட நன்றாக வேலை செய்கின்றன, இங்கே ஏன் குறைவு என்ற கேள்வி வந்ததும் பந்து மறுபடி இம்யூனாலஜி பக்கம் போகும்: தாய்ப்பாலில் உள்ள எதிர்ப்பொருள், தாயிடமிருந்து வந்து குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள், குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் என்று. பேப்பர்கள் தனித்தனி என்பது டைம்டேபிளில் மட்டும்தான்.

பழைய வட ஆற்காடு மாவட்டம் இதில் இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. 1980களில் ஜேக்கப் ஜானும் அவர் குழுவினரும் மாவட்டம் முழுவதும் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். டாக்டர்கள் தாங்கள் பார்த்த குறிப்பிட்ட நோய்களை, முன்பே அச்சடித்த அஞ்சலட்டையில் குறித்துப் போடுவார்கள். வந்ததையெல்லாம் தொகுத்து மாதாமாதம் ஒரு மடலாக டாக்டர்களுக்கே திருப்பி அனுப்புவார்கள். செல்போன்கூடக் கிடையாது. 1998இல் லான்செட் இதழ் வளரும் நாடுகளுக்கான மாதிரி என்று இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது. தகவல் அனுப்பியவருக்குத் தகவல் திரும்பி வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதம் அஞ்சலட்டை வராது. இன்று செயலி வைத்துக் கணக்கெடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

நெறிமுறை பேப்பரைப் பலர் ‘சும்மா படித்து எழுதிவிடலாம்’ என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் கற்பனைப் பெண்ணிடம் ரத்தம் எடுக்கும்முன் என்ன சொன்னோம்? சிகிச்சைக்காக எடுத்த ரத்தம் வேறு, ஆராய்ச்சிக்காகக் கூடுதலாக எடுப்பது வேறு. மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து பிற்காலத்தில் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்துவதென்றால் அதற்கும் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பெருவிரல் ரேகை மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது. படிவத்தை எழுதி நெறிமுறைக் குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். "தங்களின் குருதி மாதிரியானது பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும்" என்ற மாதிரி வாக்கியம் இருந்தால் நல்ல குழு திருப்பி அனுப்பும். அந்த அம்மா கேட்கப்போவது நேரான கேள்வி: "எவ்ளோ ரத்தம் எடுப்பீங்க தம்பி? எதுக்கு? எனக்கு ரிசல்ட் சொல்வீங்களா?" படிவத்தில் இந்த மூன்றுக்கும் இதே வரிசையில் பதில் இருந்தால் போதும்.

ஆய்வுக் கட்டுரைகளைக் கூடி விவாதிக்கும் ஜர்னல் கிளப் பற்றி ஒரே வரி: கட்டுரையின் முடிவுரையைப் படித்துவிட்டுப் போகாதீர்கள், முறையியல் பகுதியையும் முதல் அட்டவணையையும் படித்துவிட்டுப் போங்கள்.

லேப்: கை பழகும் இடம்

லேபில் முதல் வாரம் யாரும் உங்களிடம் கிருமியைத் தர மாட்டார்கள். தந்தால் அந்த லேபைச் சந்தேகப்படுங்கள். முதலில் பாதுகாப்பு. உயிரிப் பாதுகாப்பில் நான்கு நிலை உண்டு. டைஃபாய்டு, டெங்கு சாம்பிள்களை வைத்துச் செய்யும் வழக்கமான வேலை இரண்டாம் நிலையில் நடக்கும். காசநோய்க் கிருமியை வளர்ப்பதற்கு மூன்றாம் நிலை வேண்டும். அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்கும், கதவைத் திறந்தால் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. நிபா போன்றவற்றுக்கான நான்காம் நிலை ஆய்வகம் புனேவில் தேசிய வைராலஜி நிறுவனத்தில் இருக்கிறது.

கல்லூரியிலிருந்து வருபவர்கள் தெரிந்துகொண்டே வர வேண்டிய ஒன்று: லாமினார் ஃப்ளோவும் பயோசேஃப்டி கேபினெட்டும் ஒன்றல்ல. பேச்சில் இரண்டையும் ‘ஹூட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். லாமினார் ஃப்ளோவில் வடிகட்டிய காற்று உள்ளிருந்து உங்கள் முகத்தை நோக்கி வரும். மீடியா ஊற்றுவதற்கும் செடி டிஷ்யூ கல்ச்சருக்கும் அது போதும். ஏனென்றால் அங்கே பாதுகாக்க வேண்டியது தட்டைத்தான். நோய்க்கிருமியை அதில் வைத்துத் திறந்தால், கிருமி நேராக மூக்குக்கு வரும். இரண்டாம் வகை கேபினெட்டில் முன்பக்கத் துளைகள் வழியாகக் காற்று உள்ளிழுக்கப்பட்டு உங்களுக்கும் கிருமிக்கும் நடுவே ஒரு திரை உருவாகும். வெளியேறும் காற்று ஹெபா வடிகட்டியைத் தாண்டித்தான் போகும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். இவ்வளவும் இருந்து, முன்பக்கத் துளைகளின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டால் அந்த இடத்தில் திரை கிழிந்துவிடும். கையை வேகமாக உள்ளே வெளியே ஆட்டினாலும் அப்படித்தான். உள்ளே பன்சன் விளக்கு ஏற்றினால் சூட்டில் காற்றோட்டமே குழம்பும். சுத்தமானது ஒரு பக்கம், அசுத்தமானது மறுபக்கம், வேலை எப்போதும் ஒரே திசையில். துடைப்பதற்கு 70 சதவீத ஆல்கஹால். நூறு சதவீதம் இன்னும் நல்லதுதானே என்று புதிதாக வருபவர் எவரும் கேட்பார். கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் கிருமியின் புரதம் சிதையும், சுத்த ஆல்கஹால் வேலை முடியும்முன் ஆவியாகிவிடும்.

அப்புறம் பைபெட். பட்டனை அமுக்கி விடுவதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இரண்டு நிறுத்தங்கள் உண்டு: உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை, வெளியேற்றும்போது இரண்டாம் நிறுத்தம் வரை. மாற்றிச் செய்தால் அளவு போச்சு. பைபெட்டைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், டிப்பை லேசாகத்தான் நனைக்க வேண்டும், பட்டனைப் பட்டென்று விடாமல் மெதுவாக விட வேண்டும். முதலில் தண்ணீரை எடுத்து நுண்தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்வார்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 100 மில்லிகிராம் இருக்க வேண்டும். பத்து முறை எடுத்தால் பத்து முறையும்.

அது சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாகப் பத்தில் ஒன்றாக நீர்த்துப்போகச் செய்யும் பயிற்சியில் பார்க்கலாம். 900 மைக்ரோலிட்டர் உப்புநீர் உள்ள ஐந்து குழாய்கள். முதல் குழாயில் 100 மைக்ரோலிட்டர் கல்ச்சர், அதிலிருந்து 100 அடுத்ததற்கு, இப்படி ஐந்து படி. கடைசிக் குழாயிலிருந்து 100 மைக்ரோலிட்டரைத் தட்டில் பரப்பி மறுநாள் எண்ணினால் 84 காலனி என்று வைப்போம். அசல் கல்ச்சரில் ஒரு மில்லிலிட்டருக்கு 8 கோடியே 40 லட்சம். இப்போது, ஒவ்வொரு படியிலும் 100க்குப் பதில் 90தான் எடுக்கிறீர்கள் என்றால், ஐந்தாவது குழாய்க்குப் போவதற்குள் எண்ணிக்கை சுமார் 38 சதவீதம் குறைந்திருக்கும். 84 வர வேண்டியதற்கு 52. மருந்து கொடுத்ததால் கிருமி குறைந்தது என்று கட்டுரை எழுதக்கூடிய வித்தியாசம் அது. குறைந்தது கிருமி அல்ல, கட்டைவிரலின் அழுத்தம்.

பி.சி.ஆரில் சிக்கல் நேர் எதிர்ப்பக்கம்: அங்கே இல்லாதது இருப்பதாகத் தெரியும். ஒரு டி.என்.ஏ. துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 30 சுற்றில் 107 கோடி ஆகும். ஓட்டி முடித்த குழாயின் மூடியைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் தெறிப்பதிலேயே லட்சக்கணக்கில் இருக்கும். அது கையுறையில் ஒட்டி, நாளைக்கு வைக்கப்போகும் குழாயில் விழுந்தால், நாளை எல்லா நோயாளிக்கும் பாசிட்டிவ். அதனால்தான் வினைக்கான ரசாயனங்களைக் கலக்கும் அறை, சாம்பிள் சேர்க்கும் இடம், ஓட்டி முடித்ததைக் கையாளும் அறை என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். காலையில் கடைசி அறைக்குப் போய்விட்டு வந்தவர் அன்று முதல் அறைக்குள் வரக் கூடாது. கோட்டும் பைபெட்டும் அறைக்கு அறை வேறு.

இங்கேதான் கன்ட்ரோல் என்பது முழுசாகப் புரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சாம்பிளுக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்று இருக்கும். அதில் எதுவும் வரக் கூடாது. கிருமி இருப்பது நிச்சயமாகத் தெரிந்த குழாய் ஒன்று. அதில் வந்தே தீர வேண்டும். மனித மரபணு ஒன்றைத் தேடும் சோதனையும் கூடவே ஓடும். அது வராவிட்டால் சாம்பிளே சரியாக எடுக்கப்படவில்லை, அல்லது ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று வினையைத் தடுத்துவிட்டது. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் நோயாளியின் முடிவைப் பார்க்கவே உரிமை. தண்ணீர்க் குழாயில் பாசிட்டிவ் வந்தால், மற்ற 90 குழாயும் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அத்தனையும் குப்பைக்கு. கிட்டுக்குச் செலவான பணத்தை நினைத்தால் மனசு கேட்காது. தூக்கிப் போடுகிறாரா, ‘பரவாயில்லை, லேசாகத்தானே வந்திருக்கிறது’ என்று வைத்துக்கொள்கிறாரா என்பதை வைத்து ஒரு ஸ்காலர் எங்கே போய்ச் சேர்வார் என்று சீனியர்கள் கணித்துவிடுவார்கள்.

களத்துக்குப் போய் சாம்பிள் கொண்டுவருவதும் பயிற்சிதான். மே மாதம் வேலூர் வெயிலில் எலைசாவுக்கான ரத்தத்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். அதே பயணத்தில் எடுத்த பிளட் கல்ச்சர் பாட்டிலை அதே ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டால் கிருமி குளிரில் அடங்கிவிடும். வளர வேண்டியது வளராமல் போகலாம். ஒரே ஆளிடம் எடுத்த இரண்டு குழாய்க்கு இரண்டு விதி. லேபுக்கு வந்ததும் யார், எப்போது, எந்த ஃப்ரீசரில், எந்தப் பெட்டியில், எத்தனையாவது குழி என்று லாக் புக்கில் ஏற வேண்டும். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினால் மற்ற சாம்பிள்கள் எல்லாம் சூடேறும். லேப் நோட்டில் பேனா மட்டும்; தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்து, பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும். ஒயிட்னர் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது.

மருத்துவக் கழிவு பற்றி 2016 விதிகள் தெளிவாக இருக்கின்றன. கல்ச்சர் தட்டுகள் ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரியில் வெந்த பிறகு மஞ்சள் பை, டியூப், கையுறை போன்ற பிளாஸ்டிக் சிவப்பு, ஊசி, பிளேடு துளைக்காத வெள்ளை டப்பா, கண்ணாடி நீலம். ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டும்தான் தெரியும், கிருமி செத்தது என்று தெரியாது. அதற்கு, வெப்பம் தாங்கும் ஒரு வகை பாக்டீரியாவின் ஸ்போர் உள்ள சின்னக் குழாயைக் கூட வைத்து வேகவைத்து, பிறகு வளர்கிறதா என்று பார்ப்பார்கள். கழிவுக்கும்கூட ஒரு கன்ட்ரோல்.

சேர்வதற்கு முன்

வேலூரில் சி.எம்.சி., வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று உயிரியல் ஆய்வுக்கு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றின் நுழைவுத் தேர்வும் பதிவு முறையும் வேறு; அந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பாதீர்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. ஃபெலோஷிப் இல்லாமல் சேர்வது பற்றி வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் சேருங்கள். ஐந்து வருடம் என்பது சின்ன விஷயமில்லை.

கைடைப் பார்க்கப் போகும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட, அவரிடம் இப்போது இருக்கும் ஸ்காலர்களோடு டீ குடிக்கப் போவதுதான் அதிகம் சொல்லும். பைபெட்டைக் கடைசியாக எப்போது கேலிபிரேட் செய்தார்கள், கன்ட்ரோல் தப்பிப்போன ஓட்டத்தை என்ன செய்கிறார்கள், கோர்ஸ்வொர்க் வகுப்புக்குப் போக விடுகிறார்களா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சிரித்தால் யோசியுங்கள்.

இன்னொன்று, ரத்த சாம்பிளைத் தொடும் வேலை என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவசியம். மூன்று டோஸ், முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அப்புறமும் எதிர்ப்பொருள் போதிய அளவு வந்திருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகு தொடங்கினால் கோர்ஸ்வொர்க் முடியும் வரை ரத்தக் குழாய்களை விட்டுத் தள்ளியே நிற்க வேண்டிவரும். எனவே நுழைவுத் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.